குறையில்லாத ஸ்டாம்பு

என் கணவர் வாயை அடக்கத் தெரியாத மனிதர். சாம்பாரில் உப்பு கம்மி என்றால்கூட ஏன் கம்மி, எப்போது போட்டிருக்க வேண்டும் என்று விளக்கிவிட்டுத்தான் சாப்பிடுவார். வார நாட்களில் ஆபீஸ் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பழங்காநத்தம் வீட்டு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, வெள்ளைக்காரன் காலத்துத் தபால்தலைகளை அசலா போலியா என்று பார்த்துச் சொல்வார். சேகரிப்பவர்கள் எங்கெங்கிருந்தோ தேடி வருவார்கள். அசல் என்றால் பின்பக்க மூலையில் பென்சிலால் பொடியாகக் கையெழுத்துப் போடுவார். போலி என்றால் குறையைச் சொல்லித் திருப்பித் தருவார். குறை சொல்லாமல் போலி என்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

எழுபதுகளின் கடைசியில் செல்லூரிலிருந்து ஒருவன் வரத் தொடங்கினான். வீடு வீடாகப் பழைய பேப்பர் எடைக்கு எடுப்பதாகச் சொன்னான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, மரியாதையான பேச்சு. முதல் தடவை விக்டோரியா ராணி படம் போட்ட தபால்தலை ஒன்றைக் கொண்டுவந்தான். படத்துக்கு மேல் ஒரு சமஸ்தானத்தின் பெயர் கறுப்பில் அச்சாகியிருந்தது. அந்தப் பெயர் இல்லாவிட்டால் அது சல்லிக்காசு பெறாது. இருந்தால் மதிப்பே வேறு.

"போலிப்பா," என்றார் இவர் லென்ஸை இறக்காமல். "பேரை அச்சடிச்ச பிறகுதான் தபாலாபீஸ்ல முத்திரை குத்துவான். இதுல முத்திரைக்கு மேல பேரு இருக்கு."

"அப்படியாண்ணே!" என்றான். சரக்கு போலி என்றால் கொண்டுவந்தவன் முகம் வாட வேண்டாமா? அவன் முகம் தெளிந்தது. நான் வைத்த காபியைத் தொடாமல், "போயிட்டு வாரேங்க்கா" என்று கிளம்பினான்.

அடுத்த முறை முத்திரையே விழாத தலை. "அச்சு அழுத்தினா பின்பக்கம் தடம் தெரியணும். இது மொழுமொழுன்னு இருக்கே," என்றார். அதற்கடுத்த முறை தடம் இருந்தது. "எழுத்துக்கு நடுவுல இம்புட்டு இடைவெளி வராதுப்பா," என்றார்.

அவன் தெருமுனை தாண்டியதும், "என்னங்க, நீங்க சொல்லச் சொல்ல அவன் திருத்திக்கிட்டு வாரான்," என்றேன்.

"கிடைக்கிறதைப் பொறுக்கிட்டு வாரான், பாவம். நீ போய் அடுப்பைப் பாரு."

அடுப்பைத்தான் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டி. கல்லுப்பட்டியிலிருந்து ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வருவார். மனைவி போனபின் ஆல்பம்தான் அவருக்குப் பிள்ளைகுட்டி எல்லாம். அந்தச் சமஸ்தானத்து வரிசையில் ஒரே ஒரு தலை பாக்கி. அது ஊரில் எங்குமே கிடைக்காது என்பார் இவர். கிடைத்தால் கிணற்றடி நிலத்தை விற்றாவது வாங்குவேன் என்பார் வாத்தியார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். மாசி மாதம் ஒரு ஞாயிறு, செல்லூர்க்காரன் அந்தத் தலையோடு வந்தான், வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு. அவருக்கு எது பாக்கி என்று அவனிடம் சொன்னதும் என் வீட்டுக்காரர்தான், வேறு யார்?

நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டாராம் வாத்தியார். "நீங்க கையெழுத்துப் போட்டா போதும், நாளைக்கே பத்திரம்," என்று சிரித்தார்.

இவர் ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத் தடத்தைப் பார்த்தார், எழுத்தை அளந்தார்.

"கையெழுத்துப் போடாதீங்க," என்று அடுக்களை வாசலிலிருந்து சொல்லியே விட்டேன்.

செல்லூர்க்காரன் என் பக்கம் திரும்பினான். "என்ன குறை, அக்கா? சொல்லுங்க, தெரிஞ்சுக்கிறேன்."

அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இவர் மறுபடியும் லென்ஸை வைத்துப் பார்த்தார். குறை தெரியாத ஒன்றைப் போலி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கையெழுத்தைப் போட்டார்.

பங்குனி முடிவதற்குள் செல்லூர்க்காரன் தனியாக வந்தான். மேசையில் அதே மாதிரித் தலை ஒன்றை வைத்தான். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"வேற வேற ஊர்ல கிடைச்சதுண்ணே. அம்புட்டும் சுத்தம். கையெழுத்துப் போட்டு வைங்க, பிறகு வந்து எடுத்துக்கிறேன்." அவசரமே இல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

எங்குமே கிடைக்காத தலை ஒரேயடியாக மூன்று வந்தால் அத்தனையும் போலிதான் என்று இவருக்கும் புரிந்துவிட்டது. திட்டுவதற்கு எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பயம்தான் வந்தது. சட்டையைப் போடச் சொல்லி, கல்லுப்பட்டி பஸ்ஸுக்கு நானே இழுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அறுத்த வயல்கள் காய்ந்து கிடந்தன. வாத்தியார் வீட்டுக்குப் பின்னால், கிணற்றடியில் யாரோ புது ஆள் முள்வேலி போட்டுக்கொண்டிருந்தான்.

வாத்தியார் ஆல்பத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர் அவர் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"சார், செல்லூர்க்காரன் வந்தான். உங்ககிட்ட வித்தானே, அதே ஸ்டாம்பு. இன்னும் மூணு கொண்டாந்து வச்சிருக்கான்." போலி என்ற வார்த்தையை மட்டும் அவர் சொல்லவில்லை.

வாத்தியார் எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"இன்னும் இருக்கா? வேற யாருக்கும் குடுத்துற வேண்டாம்னு சொல்லுங்க," என்றார். "இந்த வீடு இருக்குல்ல."