பத்துமலை அண்ணன் சொன்ன ஒரு சரி

தீராத நோயாளிகளை வீட்டில் போய்ப் பார்க்கும் எங்கள் ஈப்போ அலுவலகத்துக் காகிதத்தில் பத்துமலை அண்ணனின் வேலைக்கு 'ஆன்மிகத் துணைவர்' என்று பெயர். அந்தப் பெயரை அவரே தப்பாகச் சொல்லி இரண்டு முறை கேட்டிருக்கிறேன். சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், அவர்கள் பேசினால் கேட்க வேண்டும், ஆசைப்பட்டால் ஒரு தேவாரம் பாட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் 'எமன் கிராணி'. ரப்பர் தோட்டத்தில் காலையில் கணக்கெழுதும் கிராணி வந்து ஆள் பெயரைக் குறித்துக்கொண்டு போவாரே, அந்த அர்த்தத்தில். அவருக்கு அதில் கோபமே கிடையாது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நான் தாதி, பெயர் பிரமிளா. வீடு வீடாகப் போய் வலிக்கு மருந்து கொடுப்பது என் வேலை. ஆறு வருஷமாக அண்ணன் என் மைவி காரில்தான் வருகிறார். இருபத்தாறு வருஷம் பேக்டரி பஸ் ஓட்டியவர். கண்ணில் கோளாறு வந்ததும் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். பஸ் ஓட்டிய பழக்கமோ என்னவோ, நோயாளியின் முகத்துக்கு நேரே உட்கார மாட்டார். கட்டிலை ஒட்டி நாற்காலியைப் போட்டு, இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி உட்காருவார். கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் பெண்டாட்டி பிள்ளையிடம் சொல்லாததையெல்லாம் கொட்டிவிடுவார். நான் பத்து நாள் தாங்கித் தாங்கிக் கேட்டாலும் என்னிடம் வராத பேச்சு அது. பொறாமையாகத்தான் இருக்கும்.

நெற்றியில் விபூதி பூச மாட்டார். பூசினால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம் வீடுகளில் நோயாளிக்கு நோயின் பெயர் தெரியக் கூடாது, சாவு என்ற சொல் படியேறவே கூடாது. அதனால் பிரஷர் பார்க்க வந்த பொம்பளையோடு கூட வந்த ஆள் என்று உள்ளே நுழைவார். எதற்கு இந்தப் பொய்யும் புளுகும் என்று நான் அவரோடு சண்டை போடாத வாரம் கிடையாது.

போன வருஷம் பத்து காஜா டவுனில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். நோயாளியின் பெயர் அப்பாவு. எழுபத்தைந்து வயது, நுரையீரலில் புற்றுநோய். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மகள் புஷ்பலதா ஒண்டியாக வைத்துப் பார்த்துக்கொண்டாள். கதவைத் திறந்ததுமே, அப்பாவுக்கு நெஞ்சுச் சளி என்று சொல்லி வைத்திருக்கிறேன், யாரும் வாயை விட்டுவிடாதீர்கள் என்றாள்.

அவளுக்கு நான் சமையல்கட்டில் மருந்து அளவைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பெரியவர் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். தனக்கு நாள் நெருங்கிவிட்டது அவருக்கு நன்றாகவே தெரியும். மனைவி பாப்பாவைத் தோட்டத்து மயானத்தில் புதைத்து முப்பது வருஷம் ஆகிறது. பக்கத்தில் தனக்கென்று இடம் விட்டு நாலு மூலைக்கும் கல் நட்டு வைத்திருக்கிறார். மகள் தன்னை எரிக்கத்தான் போகிறாள், நீ எப்படியாவது என்னை அங்கே புதைக்க வழி பண்ணு என்று கேட்டாராம். நம் ஆள் "சரிண்ணே" என்றிருக்கிறார்.

காரில் இதைச் சொன்னதும் நான் ஓரமாக நிறுத்திவிட்டேன்.

"அந்தத் தோட்டமே இப்ப இல்லண்ணே. ரப்பர வெட்டிட்டு எண்ணெய்க்குச் செம்பன போட்டாச்சு. யாரக் கேட்டுச் சரின்னீங்க?"

"வாயில வந்துருச்சு லா," என்று தலையைச் சொறிந்தார்.

சாகப்போகிறவரிடம் முடியாது என்று சொல்ல நம்மவர்களுக்கு நாக்கு எழாது. அது எனக்கும் தெரியும். இருந்தாலும் அடுத்த நோயாளி வீடு இருந்த தஞ்சோங் ரம்புத்தான் முட்டும் திட்டிக்கொண்டே போனேன்.

அந்த நிலத்தை இப்போது வைத்திருக்கும் கம்பெனி அலுவலகத்துக்கு அண்ணன் மூன்று முறை போனார். இரண்டு முறை நானேதான் முணுமுணுத்துக்கொண்டு கொண்டுபோய் விட்டேன். மானேஜர் மரியாதையாகத்தான் பேசினார். மயானத்தை மூடிப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது, புதிதாகப் புதைக்க அனுமதி இல்லை, வேண்டுமானால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். காவல்காரர் கேட்டைத் திறந்துவிட்டார். செம்பனைகளுக்கு நடுவே பாதி மண்ணில் புதைந்த சமாதிகள். அண்ணன் ஒவ்வொரு கல்லாகத் துடைத்துப் படித்து பாப்பாவைக் கண்டுபிடித்தார். பெரியவர் நட்ட நாலு கல்லில் மூன்று இருந்தன.

இங்கே அப்பாவு நன்றாகத் தூங்க ஆரம்பித்திருந்தார். கஞ்சி குடித்தார். கூடுதல் மருந்து கேட்கவில்லை. அந்த ஒரு 'சரி' செய்த வேலையை என் குறிப்பேட்டிலேயே பார்த்தேன். அதனால் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று அண்ணன் கிளம்பியபோது, பொய்க்காக ஆறு வருஷம் அவரோடு சண்டை போட்ட நானே குறுக்கே நின்றேன்.

"பத்து நாள் தாங்குனா பெரிசு. நிம்மதியாப் போகட்டும். சொல்லாதீங்கண்ணே."

"என்னை நம்பிக்கிட்டே அவரு நெருப்புக்குப் போகக் கூடாதும்மா."

நான் கார் சாவியை எடுத்தேன்.

அன்று நாற்காலியைப் பெரியவரின் முகத்துக்கு நேரே போட்டார். புஷ்பலதாவையும் கூப்பிட்டு நிற்க வைத்துக்கொண்டு, அங்கே புதைக்க வழியில்லை, தெரியாமல் ஒப்புக்கொண்டேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். புஷ்பலதா கத்தினாள். யார் உங்களை இதெல்லாம் பேசச் சொன்னது, எழுந்து வெளியே போங்கள் என்று அழுதாள். அண்ணன் எழுந்திருக்கவில்லை.

அப்பாவு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு கல் இருக்கிறதா என்று கேட்டார். மூன்று இருக்கிறது என்றார் அண்ணன்.

"நானும் பாப்பாகிட்ட வாரேன்னு சொன்னவன்தான். எங்கிட்ட வந்து சொன்ன மாதிரி, அவகிட்டயும் போய்ச் சொல்லிடு தம்பி. என்னால வர முடியலன்னு அவளுக்குத் தெரியணும்."

புஷ்பலதா கட்டிலோரம் உட்கார்ந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே வலி திரும்பிவிட்டது. மருந்தைக் கூட்டினேன். உண்மை சொன்னதும் எல்லாம் சுகமாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. ஒன்பதாம் நாள் இறந்தார். எரித்தார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் அண்ணனைத் தோட்டத்துக்கு அழைத்துப் போகக் கிளம்பினேன். புஷ்பலதா போன் செய்து தானும் வருகிறேன் என்றாள்.

பாப்பாவின் சமாதியில் அண்ணன் சூடம் ஏற்றினார். வாயைத் திறந்தார். எத்தனையோ கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மனிதர், அன்று குரல் எழும்பாமல் நின்றார்.

புஷ்பலதா அவரை மெல்ல விலக்கிவிட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"அம்மா, அப்பா செத்துட்டாரும்மா. அவரால இங்க வர முடியல. நீ வழிய பார்த்துக்கிட்டே இருக்காத."