தீர்மானத்தை உப்பளத்துக்குக் கொண்டுவந்த எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களே, நண்பர்களே, அக்கா இறைவனிடம் போய் முப்பது நாள் ஆகிறது. அழவேண்டியதை அழுதுவிட்டோம். இனி அவர் செய்ததைச் சொல்லியாக வேண்டும். அதை எழுத நினைத்தாலே எனக்குக் கை பரபரக்கிறது.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் ஊரில், உப்பு வாரும் குடும்பத்தின் மூத்த மகளாக அக்கா பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அம்மாவோடு பாத்தியில் இறங்கினார். என்னை ஆசிரியர் பயிற்சி வரை படிக்கவைத்தது அவருடைய உழைப்புதான். மாமாவை மணந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகும் உப்பளத்தை விடவில்லை. ஞாயிறு பூசையில் எல்லாருடைய பாட்டையும் மிஞ்சி அவர் குரல் கேட்கும். பங்குக் கோயில் மாதர் சங்கத்துக்கு அவரைத் தலைவியாக்கியதே அந்தக் குரலுக்குப் பயந்துதான் என்று மாமா கிண்டல் செய்வார்.

2004-இல் மறைமாவட்ட அளவில் பெண்கள் மாநாடு நடந்தது. சங்கத்துப் பெண்கள் வேன் பிடித்துப் போனோம். ‘உழைக்கும் பெண்களின் மாண்பைக் காப்போம்’ என்று தீர்மானம் வாசித்தார்கள். கை தூக்கினோம், தட்டினோம், பிரியாணி சாப்பிட்டோம். திரும்பும்போது, வேன் கூனிமேட்டைத் தாண்டியதும் அக்கா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கை தூக்குனமே, நம்ம ஊர்ல மாண்புன்னா இன்னான்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்.”

அவரே சொன்னார்: “உப்பளத்துல ஒதுங்க ஒரு எடம். அதான். அது இல்லாமத்தான காலைலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்காம வெயில்ல சாவறோம்?”

பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். அக்காவோடு உப்பு வாரும் பெரியம்மா ஒருவர், “கோயில் சங்கத்துல பேசற பேச்சாடி இது?” என்று முகம் சுளித்தார்.

“பின்ன எங்க பேசறது பெரிம்மா? நீயும்தான அடக்கினு நிக்கற?” என்றார் அக்கா.

அந்த டிசம்பரில் கடல் பொங்கியது. சங்கம் முழுவதும் சோறு சமைப்பதிலும் துணி கொடுப்பதிலும் ஓடியது. அந்த ஓட்டத்தில் மற்ற தெருப் பெண்களும் அக்காவோடு நெருங்கினார்கள். பக்கத்துப் பாத்தியில் வேலை செய்த செல்வி அவர்களில் ஒருவர். “நாங்க உங்க கோயிலுக்கு வர்றவங்க இல்லியேக்கா” என்று செல்வி தயங்கியபோது, “இது கோயில் சமாச்சாரம் மட்டும் இல்ல, பொம்பளைங்க சமாச்சாரம். வா” என்று கையைப் பிடித்து இழுத்துவந்தார்.

அடுத்த ஆண்டு மே தினக் கிராம சபையில் அக்கா கழிப்பறை வேண்டும் என்று எழுந்து கேட்டார். “பார்க்கலாம்மா, உக்காரு” என்றார் பஞ்சாயத்துத் தலைவர். அக்கா உட்காரவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பி, “வேணும்றவங்க கை தூக்குங்க” என்றார்.

நான் தூக்கினேன். நானோ பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். என் கை எதற்கு ஆகும்? உப்பளப் பெண்கள் தலை குனிந்திருந்தார்கள். பின்னால் உப்பள முதலாளியின் கணக்குப்பிள்ளை நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வியின் கை மெல்ல எழுந்தது. அடுத்து எழுந்த கையைப் பார்த்து எல்லாரும் திகைத்தோம். அது உப்பளத்து மேஸ்திரியின் கை. “இன்னா பாக்கறீங்க? எம் பொண்டாட்டியும் அங்கதான வேலை செய்யுது” என்றார். பிறகு கைகளாகவே தெரிந்தன!

மறுநாள் காலை கணக்குப்பிள்ளை அக்காவையும் செல்வியையும் பாத்தியில் இறங்க விடவில்லை. கோடை விடுமுறை என்பதால் நானும் போயிருந்தேன். இருவரும் திரும்பி நடக்கையில், மற்ற பெண்கள் உப்பு வாரும் பலகைகளைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாத்தியில் உப்பு விளைந்து வெள்ளையாகக் கிடந்தது. கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் அத்தனையும் கரைந்துவிடும். முதலாளி பைக்கில் பறந்து வந்தார்.

“இன்னாம்மா, மழை வருது, உக்காந்துனு இருக்கீங்க?”

“எழுந்துக்கறோம்ங்க. எங்க ரெண்டு பேரையும் வேலைக்கு விடணும். கக்கூஸ் கட்ட ரோட்டோர மேட்டுல எடம் விடணும். ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார் அக்கா.

அவர் வானத்தைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார். “சரி, விடறேன்.”

“பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலீங்க.”

“விடறேம்மா!” என்று அவர் கத்தியதும் பெண்கள் சிரித்துக்கொண்டே பாத்தியில் குதித்தார்கள். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். வாரிக் குவித்து, ஓலையால் மூடி முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. நனைந்தபடியே அக்கா மாதா பாட்டு ஒன்றை எடுத்துவிட்டார். வார்த்தை தெரியாத செல்வியும் கூடவே பாடினார்.

சொன்ன சொல் உடனே சுவராகிவிடவில்லை. முதலாளி நாள் கடத்தினார். அக்கா பஞ்சாயத்துக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தார். சங்கக் கூட்டம் கூடும்போதெல்லாம் செபம் முடிந்ததும் அவருடைய முதல் கேள்வி, “தீர்மானம் இன்னா ஆச்சு?” என்பதுதான். 2006 தொடக்கத்தில் கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் வந்தன. ரிப்பனைச் செல்விதான் வெட்ட வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். வெட்டியதும் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முதலில் உள்ளே போனவர், அன்று வேனில் முகம் சுளித்த பெரியம்மா!

அதற்குள் அக்காவின் உடம்பு தளர்ந்துவிட்டது. சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டதாகப் புதுச்சேரியில் டாக்டர் சொன்னார். வருடக்கணக்காகத் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றதும் ஒரு காரணம் என்றார். நான் உடைந்துபோனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏ, அழுவாத. செல்விக்கு இனிமே இது வராது இல்ல?” என்றார். கடைசி வாரத்திலும் பார்க்க வந்தவர்களிடம் பக்கத்து உப்பளத்திலும் கழிப்பறைக்கு இடம் கேட்டது என்ன ஆயிற்று என்றே விசாரித்தார். நற்கருணை வாங்கிய காலையில், மாமாவின் மடியில் அமைதியாகக் கண்மூடினார்.

இரவும் பகலும் உடனிருந்த மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும், பங்குத்தந்தைக்கும் அருட்சகோதரிகளுக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், சேற்றுக் காலோடு நேரே வேலையிலிருந்து வந்து அக்காவைக் கல்லறை வரை சுமந்த உப்பளத் தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒரு சேதி பாக்கி இருக்கிறது. பக்கத்து உப்பள முதலாளியும் நேற்று இடம் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்! செல்வி ஓடிவந்து சொன்னார். திங்கட்கிழமை காலை அஸ்திவாரம் தோண்டுகிறோம். ஊருக்குத் திரும்ப அவசரப்படாதவர்கள் இருந்து, ஒரு கை கொடுத்துவிட்டுப் போங்கள். மண்வெட்டி இருக்கிறது. குடிக்கத் தண்ணீரும் நிறைய இருக்கும்.