கூட ஓடிய அப்பா

கேரளத்துக் கொல்லங்கோட்டில் தென்னந்தோப்பும் வயலும் வைத்திருக்கும் சிவப்பிரகாஷ் தெருமுனைக் கடைக்குக்கூட பைக்கில்தான் போவார். மகள் ஜீவிதா ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்கத் தொடங்கியதும், ஓட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றாகிவிட்டது. முதுகில் மகள் பெயர் அச்சடித்த பனியன் ஒன்று தைத்துக்கொண்டார். பயிற்சி கொடுக்கும் பள்ளிக்கூட வாத்தியார் மாஷுக்கே பயிற்சி கொடுத்தார். தோற்ற பிள்ளைகளின் அப்பாக்களைத் தேடிப் போய், அவர்கள் பிள்ளை ஏன் தோற்றது என்று விளக்கினார். மனைவி செல்வப்பிரியா தண்ணீர் பாட்டிலோடு தள்ளியே நிற்பாள். கேட்டால் வெயில் என்பாள்.

உபஜில்லா போட்டியில், அதாவது வட்டார அளவில், ஆயிரத்து ஐநூறு மீட்டர். ஜெயித்தால் மாவட்டம், அங்கேதான் விளையாட்டு ஹாஸ்டலுக்கு ஆள் எடுப்பார்கள். ஜீவிதா அந்த ஹாஸ்டலுக்கு எவ்வளவு ஏங்குகிறாள் என்று செல்வப்பிரியாவுக்குத் தெரியும். அதில் பாதி, அப்பா இல்லாத இடம் என்பதற்காக என்பதும் தெரியும்.

கடைசிச் சுற்றில் ஜீவிதாதான் முன்னால் வந்துகொண்டிருந்தாள். ஏற்கெனவே ஒருமுறை நடுவர் விரட்டியும் சிவப்பிரகாஷுக்கு உறைக்கவில்லை. கயிற்றைத் தாண்டி உள்ளே புகுந்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மகளோடு சேர்ந்து ஓடினார்.

"மூச்ச இறுக்கிப் புடி கண்ணு. நானிருக்கறேன்" என்று எல்லைக் கோடுவரை கத்திக்கொண்டே போனார்.

வெளியாள் கூட ஓடினால் ஓட்டம் செல்லாது. நடுவர் ஜீவிதாவின் பெயரை அடித்துவிட்டார். தமிழ்ப்பிள்ளை என்பதால் ஓரவஞ்சனை என்று சிவப்பிரகாஷ் குதித்தார். நடுவரும் தமிழர்தான், தமிழிலேயே அவரை வெளியே போகச் சொன்னார். திரும்பும் வழியில் டீக்கடையில், இந்த வயதிலும் மகளுக்கு ஈடுகொடுத்து ஓடியதைப் பற்றிப் பேசினார். ஓடியது கடைசி நூறு மீட்டர் என்பதைச் சொல்லவில்லை.

மறுநாள் ஜீவிதா சமையலறையில் வந்து நின்றாள். "நானு ஹைஜம்புக்கு மாறிக்கறேன்மா. அதுல ஆரும் கூட ஓட முடியாதில்ல."

செல்வப்பிரியா அடுப்பைத் தணித்துவிட்டு மகளின் தலையைக் கோதினாள்.

விஷயம் காதில் விழுந்ததும் சிவப்பிரகாஷுக்கு ஒரே குஷி. சாயங்காலமே இரண்டு தென்னைகளுக்கு நடுவே கயிறு கட்டி, காலை எப்படித் தூக்குவது என்று பாடம் நடத்த ஆரம்பித்தார்.

செல்வப்பிரியா அவர் அருகில் போய் நின்றாள். "ஏனுங்க, நீங்களே ஒருக்காத் தாண்டிக் காட்டுங்க. புள்ள பாத்துக்கட்டும்."

அவர் கயிற்றைப் பார்த்தார். முடிச்சு சரியில்லை என்று சொல்லி அவிழ்த்துக் கட்டத் தொடங்கினார். அவர் கட்டி முடிப்பதற்குள் ஜீவிதா வரப்பில் வெகுதூரம் ஓடிவிட்டிருந்தாள்.