கைதட்டும் கடை

லிஃப்ட் பழுதுபார்க்கும் எங்கள் சித்தப்பா, சாப்பாட்டு இடைவேளையில் மோட்டார் அறையில் உட்கார்ந்து ஃபோனில் விறகு விற்பார். கட்டு பத்து நாணயம்; எல்லாம் விளையாட்டுக்குள்தான். சந்தா கட்டி ஆடிய அந்த விளையாட்டைக் கம்பெனி ஒருநாள் இலவசமாக்கியது. ஊரே கோடாலியோடு உள்ளே புகுந்து மரம் வெட்ட, விறகு ஒரு நாணயத்துக்கு இறங்கியது. நிஜப் பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும் தங்கக் கோடாலி.

வீட்டுக்கு வந்து புலம்பினார்.

"ஓசில ஆடுற கூட்டத்த எதுக்கு உள்ள விடுறாங்களாம்?" என்றாள் சித்தி.

"தங்கக் கோடாலி வாங்கினவன் அத யார்கிட்ட காட்டுவான்? வாயப் பொளந்து பார்க்க ஆள் வேணாமா?"

"அப்போ பார்க்கிறதுக்குக் கூலி கேளுங்க."

சித்தி கிண்டலுக்குத்தான் சொன்னாள். சித்தப்பா மறுநாளே விறகுக்கடையை மூடிவிட்டுக் கைதட்டும் கடை திறந்தார். தங்கக் கோடாலிக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு கைதட்டலுக்குப் பத்து நாணயம். விசிலுக்குத் தனி ரேட்.