சித்தி தோற்காத காலம்

இன்று என் சித்தியோடு மோதித் தோற்றவர்களும் உண்டு, ஜெயித்தவர்களும் உண்டு. ஆனால் அவள் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காத காலம் ஒன்று இருந்தது. அதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. ஏற்காட்டில் என் சித்தியை டேபிள் டென்னிஸில் ஜெயிக்க ஆளே கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் நான் பீற்றிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

சித்தி என் அம்மாவின் தங்கை. மாமா அவர்கள் இருவருக்கும் மூத்தவர், ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். ஒரு மழைநாளில் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு வளைவில் மாமா ஓட்டிப்போன பைக் சறுக்கியது. பின்னால் உட்கார்ந்திருந்த சித்திக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. மாமாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். இதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. மாமா பைக்கை விற்றுவிட்டு, எங்கே போவதானாலும் பஸ்ஸிலோ நடந்தோ போனார்.

பிறகு ஒருநாள் எஸ்டேட் குடோனில் பாதி இடத்தைக் கேட்டு வாங்கி, சேலத்திலிருந்து ஒரு பழைய டேபிள் டென்னிஸ் மேசையை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து போட்டார். கிளப் என்று வாசலில் பெயின்டால் எழுதினார். காலையில் ரிட்டயர் ஆனவர்கள், சாயங்காலம் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் வரலாம். மறுபாதியில் காப்பி மூட்டைகள் கிடக்கும். ஊர் நன்மைக்காகத்தான் கிளப் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். ஊரும் அதை நம்பியதுபோலத் தலையை ஆட்டியது.

அந்தக் கிளப்பில் ஒரு ரூல் உண்டு. புதிதாக வருகிறவர்களை மாமா மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்வார். எனக்கும் அப்படித்தான் சொன்னார்.

"உக்காந்து ஆடறவங்களுக்குப் பந்த நேரா கைக்குத்தான் போடோணும் கண்ணு. அதான் ரூலு. சித்திகிட்ட இதப் பேசிக்கிட்டு இருக்காத."

ரூல் என்றால் ரூல்தானே. நானும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். தினமும் சாயங்காலம் சித்தியின் பேட்டுக்கு நேராகப் போடுவேன், அவள் சுளீரென்று திருப்பி அடிப்பாள், நான் தோற்பேன். பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க், பஸ் கண்டக்டர், பேக்கரிக்கார அண்ணன் எல்லாரும் தோற்றார்கள். என் சித்தி அசகாய சூரி என்று எனக்கு நெஞ்சு நிமிரும்.

சேலத்தில் பெரிய கிளப் ஒன்று இருந்தது. அங்கே சம்பளத்துக்குக் கோச், வெளியூர்ப் போட்டிகளுக்குப் போய் ஆடுகிறவர்கள், வீல்சேரில் ஆடுகிறவர்களுக்குத் தனி டீம் என்று எல்லாமும் உண்டு. அவ்வப்போது ஏதாவது ஒரு ஊருக்கு வந்து ஆடிக்காட்டி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்கு வந்தார்கள். கோச்சோடு வீல்சேரில் ஒரு அக்காவும் வந்தாள். தடித்த கண்ணாடி, ஒல்லியான கை. இதையா ஜெயிக்க முடியாது என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

கோச் மாமாவிடம் சொன்னார்: "உங்க தங்கச்சி இந்தப் புள்ளய ஜெயிச்சுட்டாங்கன்னா எங்க டீம்ல சேத்துக்கறோங்க. வாராவாரம் சேலம் வரட்டும்."

சித்தி அன்று காலை இட்லியைத் தொடவே இல்லை. அடிபட்டதிலிருந்து வீட்டையும் குடோனையும் விட்டால் வேறு இடம் பார்க்காதவள் அவள். சேலம், டீம் என்றதும் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது.

காலையிலேயே ஆட்டம் தொடங்கியிருக்க வேண்டும். மாமா முதலில் காப்பி என்றார். பிறகு மிளகுக் கொடி காட்டுகிறேன் என்று எஸ்டேட்டைச் சுற்ற வைத்தார். பிறகு கோழிக் குழம்போடு சாப்பாடு. மலைக்காரர்களின் உபசாரமே தனி என்று கோச் உருகிப்போனார். மாமாவின் கண் மட்டும் மலை உச்சியிலேயே இருந்தது. மத்தியானம் சாய்ந்து பனி இறங்க ஆரம்பித்ததும் என் காதில் சொன்னார்: "சன்னல் எல்லாத்தையும் தொறந்து உடு சாமி."

பனி உள்ளே வந்தால் பேட்டின் ரப்பர் ஈரமாகிவிடும். பந்தைச் சுழற்றி அடித்தாலும் சுழலாமல் வழுக்கும். எங்களுக்கு அது பழகிப்போனது. நொடிக்கொரு தரம் துணியில் பேட்டைத் துடைத்துக்கொண்டு தட்டையாகத்தான் அடிப்போம். சேலத்து அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அடித்ததெல்லாம் வலையில் விழுந்தது, போதாக்குறைக்குக் கண்ணாடியில் வேறு பனி படிந்தது. முதல் கேம் சித்திக்கு. நான் மூட்டைமேல் ஏறிக் குதித்தேன். மாமா ஒன்றும் அறியாதவர்போல் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

சித்தி பேட்டைக் கீழே வைத்தாள். "ஏனுங்கண்ணா, சன்னலச் சாத்துங்க."

"கீல் புடிச்சுக்கிச்சு அம்மணி. வராது."

"காத்தால நல்லாத்தான இருந்துச்சு. அந்தப் புள்ள தோக்கறதுன்னா என்கிட்டத் தோக்கட்டும். பனிகிட்டத் தோக்க வேண்டாம்."

மாமா அசையவில்லை. சித்தி என்னைப் பார்த்தாள். நான் போய் ஒவ்வொன்றாகச் சாத்தினேன். கீல் எல்லாம் வெண்ணெய் மாதிரிதான் வந்தது.

அந்த அக்கா கண்ணாடியையும் பேட்டையும் துடைத்துக்கொண்டாள். அடுத்த பந்தைச் சித்திக்கு எட்டாத மூலைக்கு அடித்தாள். அதற்கடுத்ததை வலையை ஒட்டிப் பொத்தென்று போட்டாள். சித்தி எக்கினாள், வீல்சேர் ஆடியது, பந்து போயே போய்விட்டது. மறுபடியும் மூலை. மறுபடியும் வலையோரம். எனக்கு வந்ததே கோபம்.

"மாமா, அந்தக்கா கள்ளாட்டம் ஆடுது," என்று கத்தினேன். "உக்காந்து ஆடறவங்களுக்குக் கைக்குத்தான் போடோணும்னு நீங்கதான சொன்னீங்க. அதான ரூலு?"

பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க் தன் செருப்பைப் பார்த்தார். கண்டக்டர் கூரையைப் பார்த்தார். சித்தி மாமாவைப் பார்த்தாள். மாமா நான் சாத்திய சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆடுங்க," என்றாள் சித்தி, அந்த அக்காவிடம்.

மீதி கேம் எல்லாவற்றிலும் தோற்றாள். அசகாய சூரி இப்படித் தோற்பதை என்னால் தாங்க முடியவில்லை, அழுதே விட்டேன். சித்தியோ அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, வலையோரம் எப்படிப் போட்டாய், இன்னொரு தடவை காட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பயிற்சி பத்தலைங்க. மழை முடிஞ்சு மறுபடி வர்றோம்," என்று சொல்லிவிட்டுக் கோச் வேன் ஏறினார். மாமா அன்று வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் சித்தியை ஆறுதல்படுத்த நினைத்து, வழக்கத்தைவிட மெதுவாகப் பந்தைக் கைக்கே போட்டேன். அவள் அடிக்காமல் பிடித்து வைத்துக்கொண்டாள்.

"எட்டாத பக்கம் போடு கண்ணு."

"மாமா வைவாரு சித்தி."

"வஞ்சா நான் பாத்துக்கறேன். போடு."

போட்டேன். தவறவிட்டாள். மறுபடி போட்டேன், மறுபடி தவறவிட்டாள். அதுவரை சித்தியின் பக்கம் போய்ப் பந்து பொறுக்கும் வேலையே எனக்கு இருந்ததில்லை. அன்று மூட்டைகளுக்கு இடையே தவழ்ந்து தவழ்ந்து முட்டியெல்லாம் தூசி. தவறவிடத் தவறவிடச் சித்தி சிரித்தாள். தோல்வியில் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே முடிவு செய்தேன்.

மாமா எப்போது வந்து வாசலில் நின்றார் என்று தெரியாது. உள்ளே வந்து, என் கையிலிருந்த பேட்டைக் கேட்காமலே வாங்கிக்கொண்டார். பந்தைத் தூரத்து மூலைக்கு அடித்தார். சித்தி ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு முழு உடம்பையும் சாய்த்து எட்டினாள். பேட் நுனியில் பட்ட பந்து திரும்பி வந்து, மாமாவின் பக்கம் மேசையில் விழுந்து அவரைத் தாண்டிப் போனது.

பந்தை எடுக்கத் திரும்பியவர் வெகுநேரம் மூட்டைகளைப் பார்த்தபடியே நின்றார். பந்து அவர் காலடியிலேயே கிடந்தது. இவ்வளவு பெரிய மனுஷனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நான்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன்.