ஷேடு மாறிய படம்

ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிப்பான் என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் போட்டோகிராபர்களைப் பார்த்துத்தான் யாரோ அதைச் சொல்லியிருக்க வேண்டும். புதுக் கலர் பிலிம் ஒன்றை இலவசமாகத் தருகிறார்கள் என்று தெரிந்ததும், எங்கள் சங்கத்தின் மாதக் கூட்டத்தை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள் எல்லாம் அன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டிஜிட்டல் கேமரா எங்கள் பக்கம் இன்னும் பரவாத, இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. நான் திருப்பூரை ஒட்டிய நல்லூரில், பனியன் தைக்கும் கம்பெனிகளுக்கு நடுவே சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தேன்.

பிலிம் கம்பெனிக்காரர் ஆளுக்கு ஒரு ரோல் கொடுத்தார். "ஏனுங்க, நெசமாலுமே சும்மாதானுங்களா?" என்று பல்லடத்துக்காரர் ஒருவர் ரோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சும்மாதான். ஆனால் எடுத்த படங்களை அடுத்த கூட்டத்தில் காட்ட வேண்டும், நெகட்டிவ்வைக் கம்பெனிக்கே கொடுத்துவிட வேண்டும்.

"துணி கலர் அப்படியே வரும் சார். முகம் மட்டும் ஒரு படி தூக்கலா வரும். நம்ம ஊர் நிறத்துக்குன்னே செஞ்சது" என்றார் அவர். எல்லோரும் தலையாட்டினோம். ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள், 'கொஞ்சம் செவப்பா போட்டுக் குடுங்க' என்று கேட்காமல் போனதே இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படமென்றால் பெண்ணின் அம்மா வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் சொல்லுவார்.

எங்கள் தெருக்கோடி லைன் வீட்டில், தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த குடும்பம் ஒன்று இருந்தது. புருஷன் நிட்டிங் மிஷினில் வேலை. மனைவிக்குப் பக்கத்துக் கம்பெனியில் செக்கிங். தைத்து முடித்த பனியன்களை மேசைமேல் விரித்து, ஓட்டை, கறை, ஷேடு என்கிற நிற மாற்றம் பார்த்துக் கழித்துப் போட்டு, நல்லதைப் பாஸ் பண்ணுகிற வேலை அது. ஒரே மகள், நான்கு வயதிருக்கும். நல்ல கறுப்பு. தேய்த்துக் கழுவிய புளியங்கொட்டை மாதிரி மினுங்குவாள். "ஏட்டி கருப்பி, எங்க போன?" என்று தாய் தெருமுனையிலிருந்து கூப்பிடுவாள். கருப்பி என் ஸ்டுடியோ படியில்தான் உட்கார்ந்திருப்பாள்.

மகளுக்குப் பிறந்தநாள் படம் எடுக்க வேண்டும் என்று அந்தப் பெண் ஒவ்வொரு வருடமும் சொல்வாள். "இந்த ஷிப்மெண்ட் முடியட்டும்ணே." திருப்பூரில் கல்யாணம், காதுகுத்து, பல்வலி எல்லாமே சரக்கைக் கப்பலேற்றி ஷிப்மெண்ட் முடிந்த பிறகுதான். ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

அதனால் ஓசி ரோலில் ஒரு படத்தை அந்தக் குழந்தைக்கென்று வைத்தேன். கழித்துப் போட்ட துணியில் அம்மா தைத்துக் கொடுத்த கிளிப்பச்சைக் கவுன் போட்டிருந்தாள். கையில் பாதி கடித்த முறுக்கு. சிரி என்று நான் சொல்லவே இல்லை.

அடுத்த கூட்டத்தில் கம்பெனிக்காரர் அந்தப் படத்தைத்தான் தூக்கிப் பிடித்தார். "கறுப்புக் கொழந்தைன்னே தெரியல பாருங்க!" எல்லோரும் கை தட்டினார்கள். அவர் நெகட்டிவ்வை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பிரிண்ட் என்னிடம் இருந்தது. ஷிப்மெண்ட் முடிந்து அந்தப் பெண் வரும்போது கொடுக்கலாம் என்று மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

ஐப்பசி மழையில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. இங்கே வைத்தியம் பார்த்து, பிறகு கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து பிள்ளையை ஊருக்கு அடக்கத்துக்குத்தான் கொண்டுபோக முடிந்தது. செய்தி கேட்ட அன்றைக்கு அந்தக் கண்ணாடிப் பக்கமே என்னால் திரும்ப முடியவில்லை.

ஊரிலிருந்து திரும்பியதும் தாய் நேராக ஸ்டுடியோவுக்கு வந்தாள். கையில் ஒரு பாலிதீன் பை.

"அண்ணே, எம்புள்ளய ஒரு போட்டா எடுத்தியள்லா? அதத் தாங்கண்ணே. வேற படமே கெடையாது."

கொடுத்தேன். டியூப் லைட்டில் பார்த்தாள். பிறகு வாசலுக்குக் கொண்டுபோய் வெயில் வெளிச்சத்தில் பார்த்தாள். கம்பெனியில் சந்தேகமான உருப்படியை அப்படித்தான் பார்ப்பார்கள். பையிலிருந்து அந்தக் கிளிப்பச்சைக் கவுனை எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"துணி சரியா இருக்குண்ணே" என்றாள். கவுனை மடித்துப் பைக்குள் வைத்தாள். "புள்ளதாம்ணே ஷேடு மாறிட்டா."

ஷேடு மாறிய சரக்கு எங்கள் ஊரில் யாருக்கும் ஆகாது. எத்தனை அழகாக இருந்தாலும், சரி என்று ஒத்துக்கொண்ட நிறத்தில் இல்லையென்றால் திருப்பித்தான் அனுப்புவார்கள். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்கிறோம். குஞ்சுக்கு நாமே பொன்முலாம் பூசி நீட்டினால் அந்தக் காக்கை எங்கே போகும்? கை தட்டிய அத்தனை பேர் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது. கம்பெனிக்காரருக்குப் போன் போட்டேன். நெகட்டிவ் மேலிடத்துக்குப் போய்விட்டது, திரும்பக் கிடைக்காது என்றார். குழந்தை இறந்ததைச் சொன்னேன். "அடடா" என்றார். போனை வைத்துவிட்டேன்.

பிரிண்ட்டையே மறுபடி படமெடுத்துக் கலர் லேபுக்குக் கொண்டுபோனேன். "கறுப்பாக்கோணுங்களா?" என்று லேப்காரர் நம்பாமல் கேட்டார். "இத்தன வருசத்துல இப்படி ஒருத்தருங்கூடக் கேட்டதில்லீங்க." விஷயத்தைச் சொன்னதும் மிஷினில் உட்கார்ந்தார். முகத்தை இருட்டாக்கினால் கவுனும் சேர்ந்து இருண்டது. கவுனைச் சரிசெய்தால் முகம் வெளுத்தது. மதியம் வரை போட்டுப் பார்த்தோம். கடைசியில் முகத்தை மட்டும் பார்த்து ஒரு பிரிண்ட் போடச் சொன்னேன். கிளிப்பச்சை அதில் வாழையிலைப் பழுப்பு மாதிரி ஆகிவிட்டது.

தாய் அதையும் வாசலுக்குக் கொண்டுபோனாள். இந்தத் தரம் கவுனை வெளியே எடுக்கவில்லை. விரல் நுனியால் படத்தின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கம்பெனிச் சங்கு ஊதியது. வேலைக்குப் போக வேண்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் ஷேடு இருக்குண்ணே" என்றாள். "பரவால்ல. நானே பாஸ் பண்ணிக்கிடுதேன்."