வெள்ளிக்கிழமைத் தோட்டம்

பர்வீன் மறுபடியும் தேடினாள். பாலக்கரை ரிப்பேர் கடையிலிருந்து திரும்பி வந்த கம்ப்யூட்டரில் எல்லாமே புதிதாக இருந்தது. அந்த விளையாட்டை மட்டும் காணவில்லை.

புருஷன் அசீம் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கேம்ப் ரூமில் படுத்தபடி போனைத் திறப்பான். விருத்தாசலத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் விளையாட்டு அவன் போனில் தெரியும். அங்கே அவன் விரலை அசைத்தால் இங்கே திரையில் பொம்மை மனிதன் நடப்பான். அவன் வீட்டுக்கு வந்து போவதே அப்படித்தான்.

விளையாட்டுக்குள் அவர்கள் கட்டிய வீடு இருந்தது. வீட்டின் பின்னால் வெள்ளைப் பூச்செடிகள், நடுவே ஒரு சின்னக் கல். அது அர்ஃபாவுக்கு. பிறந்த வாரமே மவுத்தான மகள். அசீமுக்கு லீவு கிடைக்கவில்லை. அவர்கள் குடும்பத்தில் பெண்கள் அடக்கம் செய்யும் கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. பெற்ற இருவருமே பார்க்காத மண்ணைத் திரைக்குள் உண்டாக்கிக்கொண்டார்கள்.

கம்ப்யூட்டரை எடுத்துப்போக வந்த கடைப் பையன் மணிபாரதி அன்றே கேட்டான்.

"பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்பு நிறுத்திட்டாங்கக்கா. புதுசு இந்த மிஷின்ல ஏறாது. லினக்ஸ்னு வேற சிஸ்டம் போட்டுடறேன். இப்ப கேம்கூட அதுல ஓடுது. எடுத்து வைக்க எதுனா இருக்குதா?"

உள்ளே மாமி, அசீமின் அம்மா ரஹ்மத் பீவி, தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். கல் வைத்த சேதி அவர் காதில் விழுந்தால், மார்க்கத்துக்கு ஆகாதென்று வீடே இரண்டாகிவிடும். அசீம் போனில் ஆடுவதால் விளையாட்டு குவைத்தில் பத்திரமாக இருக்கும் என்றும் பர்வீன் நம்பினாள்.

"போட்டோ மட்டும் போதும் தம்பி. கேமெல்லாம் ஒண்ணுமில்ல."

இப்போது பதறிப்போய் மணிபாரதிக்குப் போன் போட்டாள்.

"அந்தப் பெட்டியிலேருந்துதான்க்கா அவருக்கே போவுது! சுத்தமா தொடச்சிட்டேனே. கேம் கம்பெனி சர்வர்ல காப்பி இருந்தா அவரு அக்கவுண்ட்ல போனா இறங்கும். எப்பத்திய காப்பியோ, தெரியாது."

ஜும்ஆ முடிந்திருக்கும். அசீமை அழைத்தாள். பெற்ற மகளை இரண்டாம் முறையும் பறிகொடுத்தேனே, அதுவும் என் கையாலேயே!

"என்னங்க... அழிஞ்சிடுச்சுங்க. நான்தான் பொய் சொல்லிட்டேன்."

"எது?"

"நம்ம... அர்ஃபா..."

அவன் திட்டவில்லை; ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"பாஸ்வேர்டு சொல்றேன். போடு." எழுத்தெழுத்தாகச் சொன்னான்.

விளையாட்டு இறங்கியது. அவன் போனும் இணைந்தது. வீடு வந்தது, வாசல் வந்தது. பின்னால் வெறும் மண். அர்ஃபா வயிற்றில்கூட வராத காலத்துக் காப்பி.

பொம்மை மனிதன் அசையவில்லை. போனை விட்டெறிந்துவிட்டானா? இனி வரவே மாட்டானா?

மெல்ல அது திரும்பியது. பின்பக்கம் நடந்து மண்வெட்டியை எடுத்தது.

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. மாமி! பர்வீனின் கை திரையை அணைக்கப் பாய்ந்தது.

"அணைக்காதடி." ரஹ்மத் பீவி அவள் கையைப் பிடித்தார். "வெள்ளிக்கெழமையானா கதவச் சாத்திக்கிட்டு நீ அழுவுறது எனக்குக் கேக்காதா? எல்லாம் எப்பவோ தெரியும்."

கிட்டே வந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"அங்க இல்ல. கபர்ஸ்தான்ல வேப்பமரத்துக்கு வலது பக்கமா புள்ளைய வச்சோம்னு அன்னைக்கு அடக்கம் பண்ணிட்டு வந்து ஒன் மாமா சொன்னாரு. மொதல்ல ஒரு மரம் நடச் சொல்லு அவன."

பர்வீன் போனைக் காதில் வைத்தாள். திரையில் மண்வெட்டியோடு அவன் காத்திருந்தான்.